பின்கதவில் அடித்த தகடு

கண்ணு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் உன்மேல் பழி விழுந்தது மூடிய அறைக்குள் அல்ல. நம் ஷெட்டு வாசலில், வேலையாட்கள் அத்தனை பேரும் பார்க்க விழுந்தது. அதற்குப் பிறகு வேலந்தாவளம் சந்தையிலும், கோயில் வரிசையிலும், கல்யாணப் பந்தியிலும் அது பேசப்பட்டது. நம் ஊரில் உனக்குப் பெண் பார்க்கப் போனபோது, காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் பெண்ணைப் பெற்றவர் அதைத்தான் கேட்டார். ஊரறியப் போட்ட பழியை ஊரறியத்தான் இறக்கி வைக்க வேண்டும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிற்பாடு சரக்குச் சீட்டையும் பஸ் பலகையையும் பார்த்துத்தான் இங்கிலீஷும் மலையாளமும் எழுத்துக்கூட்டப் பழகினேன். அதனால் எழுத்தில் தடுமாற்றம் இருக்கும். விஷயத்தில் இருக்காது.

போன மாதம் நீ போனில் பேசியதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. "அம்மா, ஃபேக்டரியில என்னைக் கடைசி செக்கிங்குக்குப் போடறாங்க. லைன்ல இருந்து எறங்கற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் கையெழுத்துப் போட்டாத்தான் கேட்டைத் தாண்டும். வேண்டாம்னு சொல்லீட்டேன். மாசக் கடைசிக்குள்ள யோசிச்சுச் சொல்லுன்னு விட்டிருக்காங்க. யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? என்ற கைக்கு அந்தத் தகுதி இல்லீங்மா" என்றாய். நான் "சாப்பிட்டயா சாமி" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்தேன். உலையில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

உன் கைக்குத் தகுதி இல்லை என்று உன்னை நம்ப வைத்தவள் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நம் ஷெட்டில் என்ன வேலை நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகளில் இருந்து சேசிஸ் வரும். எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டும் உள்ள வெறும் கூடு. அதன்மேல் ஒரு மரப்பெட்டியைக் கட்டி உட்கார்ந்துகொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, வெயிலையும் மழையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு டிரைவர்கள் ஓட்டி வருவார்கள். வந்து இறங்கும்போது கண் மட்டும்தான் தெரியும், மிச்சமெல்லாம் புழுதி. முதலில் மோர் கொடுப்பேன். பிறகு சேசிஸுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவேன். அதற்கப்புறம் உன் அப்பாவும் ஆட்களும் இரும்புச் சட்டம் கட்டி, தகடு போர்த்தி, தரை போட்டு, சீட்டு மாட்டி, ஒன்றரை இரண்டு மாதத்தில் பஸ்ஸாக்கி வெளியே விடுவார்கள். ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. எத்தனை தகடு வந்தது, எத்தனை ஆணி போனது, எந்த வண்டிக்கு எத்தனை சீட்டு என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். ஒரு ரப்பர் பட்டைகூட எழுதாமல் என் கையைத் தாண்டாது. அது எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ என்ஜினீயரிங் முடித்து வந்த புதிதில் ஷெட்டில் ஒரே சிரிப்பாக இருக்கும். நீ கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்ட, உன் அப்பா இடுப்பில் கை வைத்துப் பார்ப்பார். "ஏண்டா, கம்ப்யூட்டர்ல கட்டுன பஸ்ஸுக்கு டிக்கெட்டும் கம்ப்யூட்டர்லயே கிழிச்சுக்கலாமாடா?" என்பார். "கிழிச்சுக்கலாங்ப்பா. ஆனா நீங்க கூரைல போட்டிருக்கற இரும்பக் கழட்டுனா இன்னொரு பஸ்ஸே கட்டிப்போடலாம்" என்று நீ திருப்பிக் கொடுப்பாய். ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். உன் அப்பா முறைப்பார். ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும், "அவன் சொல்றது நெசந்தான் அம்மிணி. இத்தன வருஷமா இரும்ப வீணாத்தான் ஏத்தீட்டு இருந்திருக்கறேன்" என்று என்னிடம் சொன்னார். உன்னிடம் அதைச் சொன்னாரா என்று தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டார்.

நீ கொண்டுவந்த பழக்கம் ஒன்று. வண்டி வெளியே போகும் முன்னால் ஷெட்டில் உள்ள எல்லோரும் அதில் ஏறி, முன்கதவைச் சாத்திவிட்டு, பின்னால் வலப்பக்கம் இருக்கும் எமர்ஜென்சி கதவு வழியாகக் குதித்து இறங்க வேண்டும். பெயின்டர், தையல்காரர், ஒருவரையும் விடமாட்டாய். என்னையும் விடவில்லை. "அம்மா, உங்க வயசுல இருக்கறவங்களும் அந்தப் பஸ்ல போவாங்கள்ல? குதிங்க" என்றாய். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முருகா என்று கத்திக்கொண்டு குதித்தேன். பொன்னுச்சாமியண்ணன், நம் பழைய ஃபிட்டர், கீழே நின்று கையைப் பிடித்தார். "அம்மா பாஸுங்க, இனி ஆர்.டி.ஓ.வே வேண்டியதில்ல" என்றார். ஆகவே, அந்தக் கதவு எதற்கென்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. தெரியும். குதித்துப் பார்த்தவள்.

உன் அப்பாவைக் குடலிறக்க ஆபரேஷனுக்குக் கோயமுத்தூரில் சேர்த்திருந்த வாரம் அது. ஷெட்டு உன் பொறுப்பு. மூணாறுப் பக்கத்துப் பஸ்காரர் ஒருவரின் வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பாஸிங் முடிந்து வந்து நின்றது. மறுநாள் காலை நல்ல நேரத்தில் எடுத்துப் போக வந்திருந்தார். பழநிக்கு மாலை போட்டிருந்தார், நெற்றி நிறைய விபூதி. நீ அப்பாவுக்குச் சோறு கொண்டு போயிருந்த நேரம். அவர் ஸ்டோர் பக்கம் வந்து நின்றார்.

"யக்கா, ஒரு ஒதவி. பின்னாடி எமர்ஜென்சி கதவுக்கு முன்னால எடம் சும்மாத்தான கெடக்கு? ரெண்டு சீட்டு போட்டுக் குடுங்க. வருசா வருசம் எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல இருக்க வயசானவுகளப் பழநிக்குக் காசு வாங்காம கூட்டிட்டுப் போறேன். இன்னும் ரெண்டு பேரு முருகனப் பாத்துட்டு வருவாகள்ல?"

"என்ற பையன் ஒத்துக்க மாட்டானுங்களே" என்றேன்.

"பாஸிங்குதான் முடிஞ்சு போச்சேக்கா. எல்லா ஷெட்டுலயும் அதுக்கப்பறம் போட்டுக் குடுக்கத்தான செய்றாக. முருகன் காரியத்துக்குப் போயித் தம்பி வேண்டாம்னா சொல்லும்?"

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. பாஸிங்குக்கு ஒரு மாதிரி காட்டிவிட்டு, பிறகு சீட்டு சேர்ப்பது இந்தத் தொழிலில் பல இடங்களில் நடக்கிறது. நம் ஷெட்டில் மட்டும் நடக்காது. அது உன் அப்பாவின் கறார். ஆனால் அன்று அவர் ஆபரேஷன் முடிந்து கண் திறந்த நாள். என் மனம் முழுக்க முருகனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிடந்தது. கேட்காமலே வந்து நிற்கிற புண்ணியம் என்று நினைத்தேன். நான் சொன்னால் பொன்னுச்சாமியண்ணன் செய்ய மாட்டார். வீட்டம்மா ஸ்டோர் வரைக்கும்தான். அதனால் போய், "அண்ணா, தம்பி சொல்லீட்டான், எமர்ஜென்சிக்கிட்ட ரெண்டு சீட்டு போட்டருங்க" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "தம்பியா சொன்னாப்ல?" "ஆமாங்கண்ணா, போன்ல சொன்னான்." அவ்வளவுதான். திரும்பி நடந்தவள், நின்று, ஒரு வார்த்தை சேர்த்தேன். "உக்காந்தவங்க கை பட்டுக் கதவு தொறந்து ஆளு உழுந்துரப் போவுது. பாத்துச் செய்யுங்க."

அவர் பார்த்துத்தான் செய்தார். கைப்பிடியைக் கழற்றி, கதவையும் சட்டத்தையும் சேர்த்து உள்பக்கமாக ஒரு தகடு அடித்தார். அந்தத் தகட்டை நான்தான் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் நோட்டில் எழுதாமல் கொடுத்தது அந்தத் தகடும் அந்த இரண்டு சீட்டும் மட்டும்தான். எழுதாமல் விட்டபோதே தப்பென்று எனக்குள் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் நீ வந்தபோது வண்டிக்கு மாலை போட்டாகிவிட்டது. நேரம் போகிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். "எல்லாரும் ஏறிக் குதிக்கணும்மா" என்றாய். "நேத்தே குதிச்சாச்சு கண்ணு, நீ அப்பாவப் போய்ப் பாரு, டாக்டர் வர்ற நேரம்" என்றேன். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நீ ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாய். பொன்னுச்சாமியண்ணன் வந்து, "தம்பி, பின்னாடி போட்டதெல்லாம் சரிதானுங்களே?" என்று கேட்டார். வெல்டிங் சத்தத்தில் உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. தலையை ஆட்டி அவரை அனுப்பினாய். அந்தத் தலையாட்டலைத்தான் ஆறு வருஷமாக உன் குற்றம் என்று சுமந்துகொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு நின்றேன்.

அந்தப் பஸ் இரண்டு மாதம்தான் ஓடியது. மூணாறிலிருந்து போடிக்கு ஒரு கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனபோது, போடிமெட்டுக்கு முந்தின வளைவில் பிரேக் பிடிக்காமல் மலைப்பக்கத்துப் பாறையில் உரசி நின்றது. முன்கதவு பாறையோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சினிலிருந்து புகை. ஜன்னல் வழியாக ஒவ்வொருவராக வெளியே விழுந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த செல்வராணி என்ற எஸ்டேட் தொழிலாளி கனத்த உடம்புக்காரி. ஜன்னலில் நுழைய முடியவில்லை. எமர்ஜென்சி கதவுக்குப் போனாள். அந்தச் சீட்டின்மேல் ஏறி நின்று தள்ளியிருக்கிறாள். வெளியே இருந்தவர்கள் கல்லால் அடித்துக் கதவைப் பிளந்தபோது, புகையில் அவள் மூச்சு நின்றுபோயிருந்தது.

கதவை மறித்துச் சீட்டு போட்டிருந்த செய்தி நம் காதுக்கு வந்த பிறகு ஷெட்டு வாசலில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. வயிற்றில் ஆபரேஷன் பெல்ட்டோடு நின்றுகொண்டு உன் அப்பா கத்தினார். "என்ற ஷெட்டுல எமர்ஜென்சிய மறிச்சுச் சீட்டு போட்டவன் எவண்டா?" பொன்னுச்சாமியண்ணன் முன்னால் வந்து சொன்னார். "தம்பி சொன்னதா அம்மா வந்து சொன்னாங்க. காலைல நானும் கேட்டனுங்க. தம்பி தலைய ஆட்டுனாப்ல." நீ, "நான் சொல்லலீங்ப்பா, சத்தியமாச் சொல்லல" என்றாய். உன் அப்பா என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, இவன் உங்கிட்டச் சொன்னானா, இல்லையா?"

நேரான கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்குச் சாட்சி நான் ஒருத்திதான் என்பது போல. நான் சொன்னேன்: "உடுங்க, சின்னப் பையன். நடந்தது நடந்து போச்சு."

உன் அப்பாவின் கை உன் கன்னத்தில் விழுந்தது. அதைவிட, உன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகம் வந்ததைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. என் மேல் அல்ல, உன் மேலேயே சந்தேகம். போனிலே ஏதாவது சொல்லித் தொலைத்தேனோ, அப்பாவை நினைத்துக்கொண்டு கவனிக்காமல் சரி என்றேனோ என்று. அம்மா பொய் சொல்வாள் என்பதை விட, நீ தப்புச் செய்திருப்பாய் என்பது உனக்கு எளிதாக இருந்தது. பத்து நாளில் வடக்கே வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய். உன் அப்பா கொஞ்ச காலத்தில் ஷெட்டைப் பூட்டினார். இப்போது அதற்குள் தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் போலீசுக்குப் பயம். பிறகு உன் அப்பாவுக்குப் பயம். பிறகு, இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லப் பயம். கிருத்திகை தவறாமல் விரதம் இருந்தேன். வருஷம் தவறாமல் பழநிக்கு நடந்தேன். முருகனிடம் சொல்லி அழுதேன். சொல்லிவிட்டோம் என்று ஒரு நிம்மதியும் வந்தது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களைத் தவிர்ப்பதற்குச் சாமியைப் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. கண்ணு, நாளைக்கு நீயும் குடும்பம் குழந்தை என்று ஆவாய். தப்புச் செய்தால் அன்றைக்கே, அந்த ஆளிடமே சொல்லிவிடு. நாள் போகப்போக அது சின்னதாகாது. இன்னும் நாலு பேர் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். இது நான் மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற மலையூரில் தெரிந்துகொண்டது.

நீ போனில் பேசிய மறுநாள் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்தார். பொன்னுச்சாமியண்ணன் வீட்டுக்கும் போனேன். கேட்டுவிட்டு, "ஏம்மா, பொய்ய என்ற வாயில போட்டுச் சொல்ல வெச்சுப்போட்டீங்களே" என்றார். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. டிரைவர் மேல் கேஸ் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. வக்கீலைப் பார்த்து, கதவு விஷயத்தில் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்ன வருமோ வரட்டும். அப்புறம் உடுமலை வழியாக பஸ் ஏறி, மூணாறு போய், பள்ளிவாசலில் அந்த எஸ்டேட் லயத்தைத் தேடிப் போனேன்.

செல்வராணியின் வீட்டுக்காரர் சுடலைமுத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். கோடாலியைக் கீழே வைத்தார். நின்றபடியே எல்லாம் சொன்னேன்.

"ஆறு வருசமா எங்க இருந்தீக?" என்றார்.

பிளந்த விறகைக் காலால் ஒதுக்கிவிட்டு மறுபடியும் கேட்டார்.

"தகட்ட அடிச்சவன் பேரு என்ன?"

"அடிச்சவர உட்ருங்க. அடிக்க வெச்சவ நான்தானுங்க."

பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். பிறகு அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "உள்ள இருந்து எனக்குப் போன் போட்டாம்மா அவ. 'என்னங்க, கதவு தொறக்க மாட்டேங்கு'ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஒழுங்காத் தள்ளுடி, எதுக்கெடுத்தாலும் பதறாத'ன்னு வஞ்சேன். அதுதான் நான் பேசுன கடைசிப் பேச்சு. தகடு அடிச்ச கதைய எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. தள்ளத் தெரியாமச் செத்தான்னு நெனச்சிட்டிருந்தேன். எம்மககிட்டயும் அப்படித்தான் சொன்னேன், ஒங்காத்தாளுக்கு ஒரு கதவு தொறக்கத் தெரியலன்னு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்தப் பலத்துலயும் தொறந்திருக்காது. அப்படித்தான?" என்றார்.

"தொறந்திருக்காதுங்க" என்றேன்.

அவர் என்னை மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. "போயிருங்க, எம்மக வேலவிட்டு வர்ற நேரம்" என்றார். வந்துவிட்டேன்.

வீடு திரும்பியதும் உன் அப்பா கேட்டார், "அந்த மனுசன் என்ன சொன்னாரு?" சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவன் என்ற மூஞ்சியப் பாத்துச் சத்தியம் பண்ணுனான். நான் கேக்கலியே அம்மிணி" என்றார். உன்னை அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவரிடம் உன் போன் நம்பர் இல்லை. நேற்றுக் காலையில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இதை எழுதி முடிக்கும் வரைக்கும் கூப்பிடவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கூப்பிட்டால் எடு. எடுத்து நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, எடு.

என்னை என்ன செய்வது என்பதை நீ மெதுவாக முடிவு செய்துகொள். என் போனை எடுக்காமல் விட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் ஃபேக்டரிக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் அந்த இடத்தில் வேறு ஒருவரை உட்கார வைப்பார்கள். அவர் நல்லவராக இருக்கலாம், கெட்டிக்காரராகவும் இருக்கலாம். வண்டி வெளியே போகும் அவசரத்தில், யாராவது ஒருத்தி வந்து நேற்றே பார்த்தாகிவிட்டது என்று சொன்னால், அவர் ஏறிப் போய்ப் பின்கதவைத் திறந்து பார்ப்பாரா என்று எனக்குத் தெரியாது.

நீ பார்ப்பாய்.

உன் அம்மா